எட்டு வயதுக் கணக்கு

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனிலும் தெரியாது. குழந்தை எப்படிப் பேசுகிறது, பழகுகிறது, விளையாடுகிறது என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அப்படியானால், ஒரு நாட்டின் ‘பரவல் வீதத்தை’, அதாவது ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேருக்கு ஆட்டிசம் என்பதை, எப்படிக் கணக்கிடுவது?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000-இலிருந்து ஓர் அழகான வழியைக் கையாள்கிறது. ஒரு குழந்தையைக்கூட நேரில் பார்க்காமலே எண்ணுகிறது! தேர்ந்தெடுத்த வட்டாரங்களில் மருத்துவக் கோப்புகளையும் சிறப்புக் கல்விப் பதிவேடுகளையும் திரட்டி, ஒரே பிள்ளை இருமுறை எண்ணப்படாமல் பொருத்திப் பார்க்கிறார்கள். எண்ணுவது எட்டு வயதுப் பிள்ளைகளை. அதற்குள் பள்ளிக்கூடம் பழகிவிடும். கண்டறியப்பட வேண்டியவர்களில் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு கோப்பில் ஏறியிருப்பார்கள்.

2000-இல் 150 பேரில் ஒருவர். 2022-இல் 31 பேரில் ஒருவர். ஏறக்குறைய ஒரு வகுப்பறைக்கு ஒரு பிள்ளை. ஆட்டிசமே ஐந்து மடங்கு பெருகிவிட்டதா? அவசரப்பட வேண்டாம். அதே 2022-இல் டெக்சாஸின் லரேடோவில் 103-க்கு ஒருவர், கலிஃபோர்னியாவில் ஆய்வு நடந்த பகுதியில் 19-க்கு ஒருவர். அந்தக் கலிஃபோர்னியப் பகுதியில் நூற்றுக்கணக்கான குழந்தைநல மருத்துவர்களுக்குச் சீக்கிரமே கண்டறியும் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. இந்த எண் குழந்தைகளை மட்டும் அளக்கவில்லை, தேடும் கண்களையும் சேர்த்தே அளக்கிறது என்பேன். 2020 மார்ச்சில் கோவிட் வந்து மருத்துவமனை வருகைகள் குறைந்தபோது, மையம் தனியே கவனிக்கும் நான்கு வயதுக்காரர்களின் பதிவுகளிலும் பள்ளம் விழுந்தது.

தேடுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்று பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள் உள்ளன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, விரல் நீட்டுவது பற்றியது. பிஸ்கட் வேண்டும் என்று விரல் நீட்டுவது வேறு. வானத்தில் விமானம் போவதை அம்மாவுக்குக் காட்ட நீட்டுவது வேறு. பின்னதில், தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இது இன்னும் வரவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. கேள்விகள் ஆட்டிசத்தை உறுதி செய்வதில்லை; அடுத்த பரிசோதனைக்கு வழிகாட்டுகின்றன, அவ்வளவுதான்.

இன்னும் முன்னே போகலாம். பிறரின் கண்களைக் குழந்தைகள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் வாரன் ஜோன்ஸும் அமி க்ளினும் கருவி வைத்து அளந்தார்கள். 2013-இல் வெளியான முடிவு இது: பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளும் இரண்டு மாதத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்தார்கள், ஆறு மாதத்துக்குள் அது குறையத் தொடங்கியிருந்தது.

ஆனால் 2022 கணக்கெடுப்பில் முதல் நோயறிதலின் இடைநிலை வயது 47 மாதம். கலிஃபோர்னியப் பகுதியில் 36, லரேடோவில் 69.5.