வயிறு சொல்வது காதில் விழுகிறதா?

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், "போதும்" என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பே கிடையாது! இலையின் குறுக்கே கையை நீட்டி மறைத்தாலும், கை ஓரமாக இன்னொரு கந்தரப்பம் வந்து விழும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்று ஆச்சி சொல்லும்போது மறுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன நகரத்தார் கொண்டு வந்த கவுனி அரிசி, நெய்யும் சர்க்கரையும் தேங்காய்த் துருவலுமாக இலையில் கறுப்பாக மின்னும். அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து வைத்த மண்டி மணக்கும். நாக்கு "கொண்டா, கொண்டா" என்கிறது. வயிறு?

வயிறும் பேசத்தான் செய்கிறது. ஆனால் மெதுவாகப் பேசுகிறது! இரைப்பை நிறைந்து விரிந்ததும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் சேர்ந்து "போதும்" என்று உணர்த்தச் சுமார் 20 நிமிடம் ஆகும். அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது, அந்த 20 நிமிடத்தை யார் தருகிறார்கள்? அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்த பிறகுதான், வெற்றிலை போடும் இடத்தில் மூச்சு முட்டுகிறது.

கடிகாரப் பசி

பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமா, காங்காவா ஆகியோர் இரைப்பையில் கண்டுபிடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கினாலே இது ரத்தத்தில் ஏறிவிடும். மாலை 4 மணிக்குச் சீயம் தின்று பழகியவருக்கு, மதியம் பலமாகச் சாப்பிட்டிருந்தாலும் 4 மணிக்கு வாய் ஊறும்!

இது உண்மைப் பசியா, பழக்கமா என்று பார்க்க எளிய வழி உண்டு. "பழைய சோறும் மோரும் கொடுத்தால் சாப்பிடுவேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் பசி. பணியாரம்தான் வேண்டும் என்றால் ஆசை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்ணும்படி வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொல்லிவைத்தார்.

எச்சரிக்கை!

எல்லாப் பசியும் ஒன்றல்ல. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான ஆய்வு கூறியது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குத் திடீர்ப் பசி, வியர்வை, கை நடுக்கம் வந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அது அபாயம்; உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்காமல், தாகமும் அதிகமாக இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

வயோதிகர்கள் விஷயமோ நேர்மாறு. வயது ஏற ஏறப் பசியும் தாகமும் மங்கிவிடும். ஆயா "எனக்குப் பசிக்கலைடா" என்று சொன்னால் அப்படியே விட்டுவிடக் கூடாது. கஞ்சியோ மோரோ வேளைக்கு வேளை, பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும்.