'ஃபேர்' என்னும் சொல்லும் அதன் பல பொருள்களும்

ஊராட்சி அலுவலகங்களுக்கு வரும் காகிதங்களில் 'ஃபேர்' என்னும் ஆங்கில அடைமொழி அடிக்கடி தென்படுகின்றது. நாம் அதனை எங்கும் 'நியாயமான' என்றே பெயர்த்து வழங்கி வருகின்றோம். இது பல இடங்களில் பொருந்தும்; சில இடங்களில் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் நட்டம் விவசாயிக்கே.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பழம்பொருள் 'அழகிய' என்பதாகும். அதினின்று வெண்ணிறம், மழையற்ற தெளிந்த வானிலை, அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தப் பிரதி, பாரபட்சமற்ற நடத்தை எனப் பல பொருள்கள் கிளைத்தன. மாணவனின் தேர்ச்சி அட்டையில் 'ஃபேர்' என்று எழுதினால் 'சுமார்' என்பதே கருத்து. (சந்தையைக் குறிக்கும் 'ஃபேர்' லத்தீன் மொழியில் விழா நாளைக் குறித்த சொல்லின் வழிவந்தது, ஒலி ஒன்றானதால் உறவென்று கொள்ள வேண்டா.)

இதனையொத்த சொற்களும் உள. 'ஜஸ்ட்' என்பது அறத்திற்கும் சட்டத்திற்கும் ஒத்தது. 'இம்பார்ஷியல்' தீர்ப்பளிப்போரின் நடுவுநிலைமை. 'ரீசனபிள்' அறிவுக்கு ஒத்த அளவு. இருதரப்பாரும் ஒப்பத்தக்க பங்கீடே 'ஃபேர்'.

ஆயினும் சட்டத்தில் புகும்போது இச்சொல் வெறும் நல்லெண்ணமாக நிற்பதில்லை. ஓர் எல்லையாகி விடுகின்றது. அவ்வெல்லை மேலெல்லையா, கீழெல்லையா என்று அறிவது இன்றியமையாதது. 2009-ஆம் ஆண்டு முதல் கரும்புக்கு அறிவிக்கப்பட்டு வரும் 'நியாயமான ஆதாய விலை' கீழெல்லை. ஆலை அதற்குக் குறைத்துக் கொடுத்தல் ஆகாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'நியாயமான குத்தகை' மேலெல்லை. முதலில் நன்செய்க்கு மொத்த விளைவில் 40 சதவீதமாக இருந்த அது, பின்னர் திருத்தத்தால் 25 சதவீதமாயிற்று. நிலவுடைமையாளர் அதற்கு மேல் கேட்டல் கூடாது. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 'நியாயமான இழப்பீடு' ஒரு கணக்கு முறை: ஊர்ப்புறத்தில் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையுள்ள எண்ணால் பெருக்கி, மரம், கட்டடம் முதலியவற்றின் மதிப்பைக் கூட்டி, அத்தொகைக்கு ஈடாக ஆறுதல் தொகையும் சேர்ப்பது. நியாய விலைக் கடையிலோ அரிசிக்கு 2011 முதல் விலையே இல்லை. பெயர் மட்டும் நிலைத்து விட்டது!

குழப்பம் மிகுவது நெல் கொள்முதலில்தான். அங்கே 'ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி' என்பர். இதனை 'நியாயமான சராசரித் தரம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால், "ஐயா, பாடுபட்டு விளைவித்த நெல், இதில் என்ன அநியாயம் கண்டார்கள்?" என்று விவசாயிகள் எம்மிடம் கேட்பதுண்டு. இங்கு நியாய அநியாயப் பேச்சே இல்லை. விற்பனைக்கேற்ற நடுத்தர நெல் என்பதே பொருள். அந்நடுத்தரத்திற்கும் அளவுண்டு, தளர்வு அறிவிக்கப்பட்டாலன்றி ஈரப்பதம் 17 சதவீதத்தை மிஞ்சலாகாது. பதர், கல், மண், நிறம் மாறிய மணி ஆகியவற்றிற்கும் தனித்தனி வரம்புகள் உள. ஆகவே நெல்லை நன்கு உலர்த்தித் தூற்றிக் கொண்டு செல்வதுடன், ஈரமானி காட்டும் எண்ணை விவசாயி தம் கண்ணாலேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தளர்வு ஆணை வந்துள்ளதா என்பதை உறுப்பினர்கள் முன்னரே விசாரித்து ஊரில் தெரிவித்தால், ஏற்றிச் சென்ற மூட்டைகள் திரும்பி வரும் வண்டிக்கூலி மிச்சமாகும்.