மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும்

பெங்களூரில் கோரமங்கலாவை அடுத்துள்ள ஈஜிபுராவைத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. அண்மைக் காலத்தில் மென்பொருள் அலுவலகங்களுக்குச் செல்லும் இளைஞர் பலரும் வாடகைக்கு வந்து அமர்ந்துள்ளனர். இத்தகைய வீடுகளில் மேசைக் கணினி ஒன்று வாங்க எண்ணினால், எஸ்.பி. ரோடு என்று சுருக்கமாக வழங்கும் சதர் பத்ரப்பா சாலைக்குப் போய் வருவது பலருக்கும் வழக்கம். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு அத்தெரு அப்படி. மதர்போர்டு ஒரு கடையில், நினைவகம் மற்றொரு கடையில், பெட்டி மூன்றாவது கடையில் என்று விலை பேசி வாங்கி, அங்கேயே பூட்டித் தரச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி வந்துவிடலாம். கையில் உள்ள பணத்துக்கு ஏற்ப இவ்வாண்டு சிறிது, அடுத்த ஆண்டு சிறிது என்று கணினியை வளர்த்துக்கொள்வதும் இயலும்.

அதே நகரின் வடபால், ஹெப்பாளில், 2025 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தக் கடையைத் திறந்தது. அங்கே விற்கும் கணினிகள் அழகும் உறுதியும் வாய்ந்தவை என்பதை மறுப்பாரில்லை. எனினும் வாங்கிய பிறகு ஒரு நினைவகத் தகட்டைச் செருகி அவற்றை வளர்த்துக்கொள்ள இயலாது. உயர்ந்த விலைக்குப் பெயர் பெற்ற இத்தகைய நிறுவனம், வாங்குவோர் விருப்பப்படி உறுப்புகளை மாற்றிக்கொள்ளக்கூடிய மலிவான மேசைக் கணினி ஒன்றையும் விற்றால் என்ன என்ற கேள்வி நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது.

இக்கேள்வியில் இரண்டு விருப்பங்கள் பிணைந்து கிடக்கின்றன. விலை குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பெட்டி திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து நோக்கினால்தான் நிறுவனத்தின் உள்ளம் விளங்கும்.

ஆப்பிள் நிறுவனம் தொடக்கம் முதலே மூடிய பெட்டியை விற்று வந்ததன்று. 1977இல் அது வெளியிட்ட ஆப்பிள் 2 கணினியின் மேல்மூடியைக் கையாலேயே தூக்கிவிடலாம். உள்ளே பிற அட்டைகளைச் செருகுவதற்கு எட்டு இடங்கள் இருந்தன. அக்கணினி நீண்ட காலம் விற்பனையானதற்கு இதுவும் ஒரு காரணம். 1984இல் வந்த மக்கின்டாஷ் அதற்கு நேர்மாறானது. அதைத் திறக்க நீண்ட கழுத்துடைய தனி வகைத் திருப்புளி வேண்டியிருந்தது.

இதற்கிடையே 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணினியைப் பிறர் செய்த உறுப்புகளைக் கொண்டே அமைத்து, அதன் தொழில்நுட்ப விவரங்களையும் வெளியிட்டது. காம்பாக் முதலிய நிறுவனங்கள் அதே போன்ற கணினிகளைச் செய்து விற்கத் தொடங்கின. இன்று எஸ்.பி. ரோட்டில் நாம் பூட்டி வாங்கும் கணினி அந்த வழியில் வந்த வாரிசே. உலகுக்கு அதனால் பெரும் நன்மை விளைந்தது, ஐ.பி.எம். நிறுவனமோ 2005இல் அத்தொழிலையே சீனாவின் லெனோவோவிடம் விற்றுவிட்டது. தான் நட்ட ஆலமரத்தின் நிழலில் தனக்கே இடமில்லாமற்போன கதை இது. ஆப்பிளின் நிர்வாகிகள் இதனை மறந்திருப்பார்கள் என்று கருத இடமில்லை.

அவர்களுக்குச் சொந்த அனுபவமும் உண்டு. 1995 முதல் பவர் கம்ப்யூட்டிங், யூமேக்ஸ், மோட்டரோலா முதலிய நிறுவனங்கள் மக்கின்டாஷ் கணினியைத் தாமே செய்து விற்க ஆப்பிள் உரிமம் வழங்கியது. அந்நிறுவனங்கள் ஏழை எளியோரைத் தேடிப் போகும், புதிய வாடிக்கையாளரைக் கொண்டு வரும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. ஆப்பிளின் விலையுயர்ந்த கணினிகளை வாங்கி வந்தவர்களையே அவை குறைந்த விலை காட்டி ஈர்த்தன. 1997ஆம் நிதியாண்டில் நூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பு. அவ்வாண்டு திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார். பவர் கம்ப்யூட்டிங்கின் மக்கின்டாஷ் தொழிலைப் பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

ஆகவே நிறுவனத்தின் அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால் அந்த அச்சத்துக்குப் பின் அது என்ன செய்தது என்பதே நாம் நோக்க வேண்டியது. மலிவான கணினியை அது மறுக்கவில்லை. 2005 ஜனவரியில் 499 டாலருக்கு மக் மினி என்னும் சிறு பெட்டியை வெளியிட்டது. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை வாங்குவோரே கொண்டுவர வேண்டும். பெட்டியைத் திறக்க விரும்பியவர்கள் சுவருக்குப் பட்டி பூசும் தகட்டை இடுக்கில் நுழைத்து நெம்பினார்கள்! 2010இல் வந்த மினியில் அடிமூடியைக் கையால் திருகித் திறந்து நினைவகத்தை மாற்ற முடிந்தது. 2014இல் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 2018இல் மீண்டும் கழற்றக்கூடியதாயிற்று. 2020 முதல் அதுவும் இல்லை.

திறக்கக்கூடிய பெட்டியையும் அது முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. அதன் விலையைத்தான் உயர்த்திக்கொண்டே போயிற்று. 1999இல் வந்த நீலமும் வெண்மையும் கலந்த பவர் மக் ஜி3, பக்கத்துக் கதவைத் தாழ் நீக்கி இறக்கினால் உள்ளிருப்பதெல்லாம் கைக்கு எட்டும்படி அமைந்தது; அதன் தொடக்க விலை 1,599 டாலர். 2006இல் வந்த மக் புரோவின் விலை 2,499 டாலர். 2019இல் வந்த மக் புரோவின் தொடக்க விலை 5,999 டாலர்! மலிவானது மூடியது, திறந்தது எட்டாதது என்று சந்தை இரண்டாக வகுக்கப்பட்டது. இடைப்பட்ட இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

அவ்விடத்தில் புகுந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சைஸ்டார் என்ற சிறு நிறுவனம் 2008இல் சாதாரண உறுப்புகளைக் கொண்ட கணினியில் ஆப்பிளின் இயங்குதளத்தை ஏற்றி விற்றது. ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009இல் தீர்ப்பு ஆப்பிளுக்குச் சாதகமாயிற்று. 2011இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

இனி, பெட்டி மூடியிருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் உண்டா என்று பார்ப்போம். உண்டு என்பதே நேர்மையான விடை. 2020 முதல் வரும் ஆப்பிள் கணினிகளில் கணக்கிடும் சில்லும் நினைவகமும் ஒரே தொகுதியாக மிக நெருங்கி அமைக்கப்படுகின்றன. அடுக்களையும் உக்கிராண அறையும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் சமையல் விரைவாவது போல, செய்திகள் விரைந்து போய் வருகின்றன. 2024இல் வந்த எம்4 மினியில் நொடிக்கு 120 ஜிகாபைட் வரை இவ்வாறு போய் வரும். மின்செலவும் குறைவு. உறுப்புகளின் வகை சிலவாகவே இருப்பதால் கோளாறுகளும் குறைகின்றன. கண்ட கண்ட உறுப்புகளையெல்லாம் தாங்கிக்கொள்ள வேண்டிய கடமை ஆப்பிளுக்கு இல்லை. அதனை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பகுதிக்கு இந்நியாயம் பொருந்தாது. எம்4 மினியில் அப்பகுதி பற்றவைக்கப்படவில்லை. கழற்றக்கூடிய சிறு தகடாகவே இருக்கிறது. எனினும் கடைகளில் கிடைக்கும் பொதுவகைத் தகடு அதில் பொருந்தாது. வாங்கும்போதே கூடுதலாகக் கேட்டால் என்ன விலை? எம்4 மினி வெளிவந்தபோது, 16 ஜிகாபைட் நினைவகமும் 256 ஜிகாபைட் சேமிப்பும் உடையது நம் நாட்டில் 59,900 ரூபாய். சேமிப்பை 512 ஆக்கினால் 79,900. அதனோடு நினைவகத்தையும் 24 ஆக்கினால் 99,900. பெட்டியின் மலிவு முதற்படியோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு படிக்கும் இருபதாயிரம்! இலாபம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கணக்காயர் தேவையில்லை. பெட்டியைத் திறந்துவிட்டால் இந்த இருபதாயிரம் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்விடும். உண்மைத் தடை இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே விற்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் கருத்து இது: எஸ்.பி. ரோட்டுக் கணினியைப் போல் எல்லாம் மாற்றக்கூடிய ஒன்றை ஆப்பிள் விற்க வேண்டியதில்லை. அதை நன்றாகச் செய்ய அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே விற்கும் சிறு பெட்டியில் பொதுவகைச் சேமிப்புத் தகட்டுக்கு ஓர் இடம் வைத்தால் போதும். ஒரே கணினி அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து ஊரில் படிக்கும் தங்கைக்கும் போகும் வீடுகளில் இது சிறிய உதவியன்று. 2020இல் 8 ஜிகாபைட் நினைவகத்தோடு வாங்கிய மினி, தம்பி கையில் வரும்போதும் 8 ஜிகாபைட்டோடுதான் வரும். அதற்கு மேல் செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

அப்படியோர் இடம் வரும்வரை, மூடிய பெட்டியையே வாங்க எண்ணுவோர் கூடுதல் பணத்தை நினைவகத்துக்குச் செலவிடுவது நன்று. பின்னர் சேர்க்க இயலாதது அதுவே. சேமிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்: வெளியே கம்பியால் இணைக்கும் திடநிலைச் சேமிப்பகம் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும், பெட்டியைத் திறக்க வேண்டாததால் உத்தரவாதத்துக்கும் ஊறில்லை. திரைக்குத் தனியே செலவிட வேண்டுவதுமில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் மினியை அதிலேயே இணைத்துவிடலாம்.