கழுவிய மேட்டைத் திரும்பப் போடும்போது உஷார்!
காலை எடுத்தாலும் வண்டி நிற்காது. டிரைவர் காலடியில் ஆபத்து

சிங்கப்பெருமாள் கோவில்,

காரைக் கழுவ விடுகிறீர்கள். பையன் நான்கு மேட்டையும் உருவி வெளியே போடுகிறான். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறான். கொஞ்ச நேரம் சுவரில் சாத்தி வைக்கிறான். மறுபடி உள்ளே தூக்கிப் போடுகிறான். நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பி விடுகிறீர்கள்.

மேட் எப்படிக் கிடக்கிறது என்று குனிந்து பார்த்தீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். பத்தில் ஒன்பது பேர் பார்ப்பது இல்லை என்றே சொல்லலாம். அங்கேதான் ஆபத்து!

டிரைவர் காலடி மேட் நழுவி முன்னால் போனால், ஆக்சிலேட்டர் பெடல் அதன் விளிம்பில் சிக்கிக் கொள்ளும். நீங்கள் காலை எடுத்து விடுவீர்கள். ஆனால் பெடல் மேலே வராது. வண்டி பறக்கும். அமெரிக்காவில் இதனால் ஒரே குடும்பத்தில் 4 பேர் பலியானார்கள். டொயோட்டா கம்பெனி 38 லட்சம் கார்களைச் சரிசெய்ய வேண்டி வந்தது.

இதன் விவரம் வருமாறு:-

கார் பிறக்கும் சீமை

சிங்கப்பெருமாள் கோவில், ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே இருக்கிறது. இங்கே பிரியும் ரோடு ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறது. பக்கத்தில் மகிந்திரா சிட்டி. ஒரகடத்தில், 2010-ல் ரெனோவும் நிசானும் கூட்டாகத் திறந்த ஆலை. அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், 1998-ல் சான்ட்ரோ காரை வெளியே விட்ட ஹூண்டாய் ஆலை.

கார் பிறக்கும் சீமை என்பதால் கார் ஓட்டமும் ஜாஸ்தி. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வண்டி, ஆபீசர்களின் கம்பெனி கார், ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டாக்சி என்று ராத்திரி பகல் பாராமல் சக்கரம் சுற்றுகிறது. ஒரே வண்டியைப் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் ஓட்டுவதும் உண்டு.

காலடியில் சேரும் அழுக்கும் அதற்கேற்ற மாதிரிதான். செம்மண், லாரியில் இருந்து பறக்கும் எம்.சாண்ட் தூசி, தொழிலாளர்களின் பூட்சில் ஒட்டி வரும் மெஷின் ஆயில், ஐப்பசி கார்த்திகையில் சேறு, போதாததற்குப் பிள்ளைகள் கொட்டிய பால்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த வாட்டர் சர்வீஸ் கடையையும் பாருங்கள். வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ''தம்பி, மேட்டை நல்லா அலசிடுப்பா'' என்று சொல்லாத ஆள் கிடையாது. ''டிரைவர் பக்கம் கொக்கியில மாட்டிட்டியா?'' என்று கேட்கிற ஆள் எத்தனை பேர்?

இந்த ஊர்க் குடைவரைக் கோவிலில் இருக்கும் நரசிம்மருக்கு மூன்று கண். டிரைவருக்கு இரண்டுதான். அந்த இரண்டும் ரோட்டின் மேல் இருந்தாக வேண்டும். காலடியில் என்ன நடக்கிறது என்று ஓட்டும்போது பார்க்க முடியாது. கிளம்புவதற்கு முன்னால்தான் பார்க்க வேண்டும்.

கழுவுவது எப்படி?

கழுவுவதிலும் முறை இருக்கிறது. மேட்டைக் காருக்குள் வைத்தே ஈரத்துணியால் துடைப்பது வேலைக்கு ஆகாது. அழுக்கு அடியில் இறங்கும், அவ்வளவுதான். வெளியே எடுக்க வேண்டும்.

முதல் வேலை, தண்ணீர் படாமல் தட்டி உதறுவது. தூசி இருக்கும்போதே நனைத்தால் அது சேறாகி இழைக்குள் பிடித்துக் கொள்ளும். தலைகீழாகப் பிடித்துச் சுவரில் நாலு தட்டுத் தட்டுங்கள். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும்.

ரப்பர் மேட்: இது சுலபம். அரை வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் துணி சோப்புத்தூள். துணி துவைக்கும் பிரஷ்ஷால் தேய்த்து அலசினால் போதும். வரி வரியாக இருக்கும் பள்ளத்தில்தான் மண் தங்கும். அங்கே பிரஷ்ஷை அழுத்திப் போடுங்கள்.

கார்ப்பெட் மேட்: முரட்டுத்தனமாகத் தேய்த்தால் இழை பிய்ந்து போகும். சோப்பு நுரையை மட்டும் தடவி, ஒரே பக்கமாக பிரஷ் போட வேண்டும். பிறகு சோப்பு போகும் வரை அலசுவது முக்கியம். சோப்பு மிச்சம் இருந்தால் அது பிசுபிசுத்து மறுபடி அழுக்கை இழுக்கும்.

நூடுல்ஸ் மேட்: சுருள் சுருளாக இருக்கும் இந்த மேட்டில் மண் மேலே தெரியாது. எல்லாம் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். கவிழ்த்துத் தட்டிவிட்டு, தண்ணீர் அடிக்கும்போதும் சாய்த்துப் பிடித்தால்தான் மண் வெளியே வரும்.

கறை போக...

ஆயில் கறைக்கு முதலில் தண்ணீர் வேண்டாம். பழைய துணியாலோ மரத்தூளாலோ ஒற்றி எடுங்கள். அதன் மேல் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிச் சற்று ஊற விட்டுத் தேயுங்கள்.

பால், தயிர் கொட்டினால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் ஊற்றினால் கறை இறுகிப் போகும்.

நாற்றம் போக சமையல் சோடா போதும். காய்ந்த மேட்டில் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டி விட வேண்டும்.

சிலர் பெட்ரோலை ஊற்றித் துடைக்கிறார்கள். கூடவே கூடாது! அதன் ஆவி மூடிய காருக்குள் தங்கும். ஒரு தீப்பொறி போதும்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ரப்பர் மேட் பளபளக்க வேண்டும் என்று டயர் பாலிஷ் அடிக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் செருப்பு வழுக்கும். பிரேக்கில் வைத்த கால் வழுக்கினால் கதை என்ன ஆகும்? டிரைவர் பக்கம் பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

அரைகுறை ஈரம்

''நேரமாச்சு, அப்படியே போடுப்பா'' என்று ஈர மேட்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் அநேகம். மேட்டின் ஈரம் கீழே இருக்கும் நிரந்தரக் கார்ப்பெட்டில் இறங்கும். அங்கே வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. பூஞ்சை பிடிக்கும். ஏ.சி. போட்டதும் மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம் பெரும்பாலும் இதுதான். ஈரம் நிரந்தரமாகத் தங்கினால் தரைத் தகடு துருப்பிடிக்கும்.

கார்ப்பெட் மேட்டை இரண்டு பக்கமும் வெயிலில் காய வையுங்கள். ரப்பர் மேட்டுக்கு நிழல் நல்லது. வெயிலில் நாள் கணக்கில் கிடந்தால் நெளிந்து விடும். நெளிந்த மேட் தரையில் படியாது. அதன் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். பெடலைப் பிடிப்பது அந்த விளிம்புதான்!

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: உலர்ந்த கைக்குட்டையை மேட்டின் அடிப்பக்கத்தில் வைத்து அழுத்துங்கள். ஈரம் ஒட்டினால் இன்னும் காயவில்லை.

4 பேர் பலி

இனி அமெரிக்காவில் நடந்த கோரத்துக்கு வருவோம்.

2009-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி. கலிபோர்னியா மாநிலம் சான் டியாகோ பக்கத்தில் சான்டீ என்ற ஊர். நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் அதிகாரி ஒருவர், டியூட்டி இல்லாத நேரத்தில் குடும்பத்தோடு காரில் போய்க் கொண்டிருந்தார். அது அவருடைய சொந்தக் கார் அல்ல. தன் காரை சர்வீசுக்கு விட்டிருந்ததால், அதுவரை ஓட்டிக்கொள்ள ஏஜென்சி கொடுத்திருந்த லெக்சஸ் கார். லெக்சஸ் என்பது டொயோட்டா கம்பெனியின் தயாரிப்பு.

திடீரென்று வேகம் கூடியது. காலை எடுத்தும் குறையவில்லை. மணிக்கு 160 கிலோ மீட்டரையும் தாண்டியது. காரில் இருந்த மைத்துனர் பதறிப்போய் அவசர போலீசுக்கு டெலிபோன் செய்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கார் இன்னொரு வண்டியில் மோதி, ரோட்டை விட்டுப் பாய்ந்து தீப்பிடித்தது. அதிகாரி, அவர் மனைவி, மகள், மைத்துனர் ஆகிய 4 பேரும் பலியானார்கள்.

விசாரணையில் தெரிந்தது என்ன? அந்தக் காரில் கிடந்தது அந்தக் காருக்கான மேட்டே அல்ல! வேறு மாடலுக்கான ரப்பர் மேட். அது கொக்கியிலும் மாட்டப்படவில்லை. பெடல் அதில் சிக்கியிருந்தது.

கேட்டால் மனம் பதறும் இன்னொரு செய்தி. சில நாட்களுக்கு முன் அதே காரை ஓட்டிப் போன வேறு ஒருவருக்கும் பெடல் மேட்டில் சிக்கியது. அவர் எப்படியோ வண்டியை நிறுத்தித் தப்பினார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏஜென்சியில் சொல்லியும் இருக்கிறார். அந்தச் சொல் உரிய இடத்துக்குப் போகவில்லை. மேட்டும் மாறவில்லை.

கோடிக்கணக்கில் அபராதம்

2007-லேயே டொயோட்டா கம்பெனி இதே காரணத்துக்காக 55 ஆயிரம் மேட்டுகளைத் திரும்பப் பெற்றிருந்தது. சான்டீ விபத்துக்குப் பிறகு, 2009 செப்டம்பர் மாதக் கடைசியில், 38 லட்சம் கார்களின் சொந்தக்காரர்களுக்கு ''டிரைவர் பக்க மேட்டை உடனே எடுத்து விடுங்கள்'' என்று அறிவிப்புப் போனது. பிறகு பெடலையே வெட்டிக் குட்டையாக்கிக் கொடுத்தார்கள்.

எலக்ட்ரானிக் கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகமும் எழுந்தது. விண்வெளி ஆராய்ச்சி செய்யும் நாசாவின் எஞ்சினீயர்களே அலசிப் பார்த்தார்கள். அப்படிக் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று 2011-ல் அறிக்கை வந்தது. உண்மையை மூடி மறைத்துப் பொதுமக்களைத் தவறாக நம்ப வைத்ததற்காக, 2014-ல் டொயோட்டா கம்பெனி அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட நேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அத்தனைக்கும் தொடக்கம், காலடியில் கிடந்த ஒரு ரப்பர் துண்டு.

போடும்போது 5 விஷயம்

மேட்டைத் திரும்பப் போடும்போது கவனிக்க வேண்டியவை:-

1. டிரைவர் பக்கம் ஒரே ஒரு மேட்தான். பழையதின் மேல் புதியது போடக் கூடாது. மழைக்கு சாக்கு விரிப்பது, சர்வீஸ் கடையில் போட்ட காகித மேட்டை அப்படியே விடுவது எல்லாம் ஆபத்து. மாலைப் பேப்பரைப் படித்து முடித்து காலடியில் விரிப்பவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம்!

2. உங்கள் மாடலுக்கு உரிய மேட்டாக இருக்க வேண்டும். ''எல்லா வண்டிக்கும் சேரும்'' என்று விற்கும் மேட், பெடலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள்.

3. தரையில் கொக்கியோ பொத்தானோ இருக்கும். அதில் மாட்டுங்கள். மாட்டியபின் மேட்டைக் கையால் முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது. கொக்கி உடைந்திருந்தால் புதிது போடும் வரை டிரைவர் பக்கம் மேட் இல்லாமலே ஓட்டுங்கள்.

4. புதுக் கார் தரையில் வரும் பிளாஸ்டிக் தாளை எடுத்து விடுங்கள். அதன் மேல் மேட் நிற்காது.

5. எஞ்சினைப் போடாமல், ஆக்சிலேட்டரைக் கடைசி வரை அழுத்தி விடுங்கள். தடையில்லாமல் மேலே வருகிறதா? பிரேக், கிளட்ச்சையும் அப்படியே பாருங்கள். அரை நிமிஷ வேலை. கூடவே, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து விடுங்கள். அது பிரேக்குக்கு அடியில் போனால் பிரேக்கே பிடிக்காது.

பெடல் சிக்கினால்?

ஓடும்போது பெடல் சிக்கிக்கொண்டால் குனிந்து மேட்டை இழுக்காதீர்கள். கண் ரோட்டை விட்டுப் போனால் அதோடு சரி.

பிரேக்கை ஒரே அழுத்தாக, பலம் கொண்ட மட்டும் அழுத்துங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. எஞ்சின் முழு வேகத்தில் உறுமும்போது விட்டு விட்டு மிதித்தால், பிரேக்குக்கு உதவி செய்யும் காற்றழுத்த சக்தி தீர்ந்துபோய் பெடல் கல்லாகிவிடும்.

அழுத்திக்கொண்டே கியரை நியூட்ரலில் போடுங்கள். எஞ்சின் கத்தும். கத்தட்டும்! சக்கரத்துக்கு வேகம் போகாது. இடது ஓரமாக வண்டியை நிறுத்திய பிறகு எஞ்சினை அணைக்கலாம். ஓடும் வண்டியில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஜாக்கிரதை.

கடைசியாக ஒன்று. ஷிப்டு வண்டி ஓட்டுபவர்கள், இறங்கும்போது அடுத்து ஏறுபவரிடம் ''மேட் கொக்கி உடைஞ்சிருக்கு, பார்த்துக்கண்ணே'' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். முதலாளியிடமும் சொல்லுங்கள். கேட்கிறவர்களும் அதைக் காதில் வாங்கி அன்றே சரிசெய்யட்டும். கொக்கியின் விலை சொற்பம்.