செயற்கூறுகளும் வகைக் கட்டுப்பாடும்

கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு நிரல் எனப்படும். ஒரு குறித்த வேலையைச் செய்யும் கட்டளைகளை ஒரு பெயரின் கீழ்ச் சேர்த்து வைத்தால் அது செயற்கூறு. அதனை உடனே இயக்கலாம். அன்றி, உரிய வேளையில் அழைத்துக்கொள்ளுமாறு அதன் சுட்டை மட்டும் நிரலின் வேறொரு பகுதியிடம் ஒப்படைக்கலாம். பொத்தானை அழுத்தியதும் இணையப் பக்கம் மறுமொழி தருவது இம்முறையாலேயே.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, இவ்வாறு ஒப்படைப்பதை முன்கூட்டிச் சோதிப்பதில்லை. எண்ணை எதிர்பார்க்கும் செயற்கூற்றிடம் சொல் போய்ச் சேர்ந்தாலும் அது வாய் திறவாது. பிழை எழுதும்போது மறைந்திருந்து, இயங்கும்போது பயன்படுத்துவோர் முன் வெளிப்படும். இக்குறையைப் போக்க மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012-இல் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. செயற்கூறு எவ்வகைப் பொருளை ஏற்கும், எவ்வகைப் பொருளைத் திருப்பித் தரும் என்பதை இயக்குமுன்பே இது ஒத்துப் பார்க்கும்.

எனினும் அதிலும் ஒரு தளர்வு இருந்தது. அதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் ஊருக்குக் கால்நடை மருத்துவர் தேவை. ஆடு, மாடு எதுவும் அவரிடம் வரலாம். மாட்டு வைத்தியம் மட்டும் அறிந்தவரை அங்கு அமர்த்தினால், ஆடு வந்த அன்று கைபிசைந்து நிற்பார். மறுதலையாக, மாடுகள் மட்டுமே உள்ள பண்ணைக்கு எல்லாக் கால்நடைகளுக்கும் வைத்தியம் அறிந்தவரை அமர்த்தினால் கேடில்லை.

'மாடும் கால்நடைதானே' என்னும் வாதம் பொருளுக்குப் பொருந்தும். அப்பொருளை ஏற்கும் செயற்கூற்றுக்குப் பொருந்தாது. பரந்த வகையை ஏற்பது குறுகியதன் இடத்தில் நிற்கலாம். குறுகிய வகையை ஏற்பது பரந்ததன் இடத்தில் நிற்கலாகாது. திருப்பித் தரும் பொருளுக்கோ விதி நேரானது: கால்நடை கேட்டவருக்கு மாட்டைத் தரலாம், மாடு கேட்டவருக்கு ஏதோ ஒரு கால்நடையைத் தரலாகாது.

தொடக்கத்தில் டைப்ஸ்கிரிப்ட், ஏற்கும் பொருளின் வகையை இரு திசையிலும் அனுமதித்தது. 2017 அக்டோபரில் வந்த 2.6-ஆம் பதிப்பு 'ஸ்டிரிக்ட் ஃபங்ஷன் டைப்ஸ்' என்னும் கட்டுப்பாட்டைத் தந்தது. அதனை மேற்கொண்டால், தகாத ஒப்படைப்பு இயக்குமுன்பே மறுக்கப்படும்.

'மெத்தட்' வடிவில் அறிவிக்கப்படுவனவற்றுக்கு மட்டும் பழைய தளர்வு நீடிக்கிறது. காரணம் உண்டு. மாடுகளின் பட்டியலைக் கால்நடைப் பட்டியலாகக் கையாளுவது நிரல் எழுதுவோரின் அன்றாட வழக்கம். பட்டியலில் புதுப் பொருளைச் சேர்ப்பதும் ஒரு மெத்தடே ஆதலின், அங்கும் கடுமை காட்டினால் அவ்வழக்கம் தடைப்படும். ஆகவே, ஒப்படைக்கப்படும் செயற்கூற்றை மெத்தட் வடிவில் அறிவியாது, செயற்கூற்று வகையுடைய பண்பாக அறிவிப்பதே காப்பு.

வகைக் குறிப்புகள் நிரல் இயங்கும்போது இரா. ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும்போதே நீக்கப்படும். வெளியிலிருந்து வரும் தரவை நிரலே சோதித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் நிரலுக்குள் எழும் பிழை, எழுதியவர் மேசையிலேயே பிடிபடுவது பெரும்பயனன்றோ!