கடைசி ஆட்டம் எதுவென்று தெரியாத அணிகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவியரை வழியனுப்பும் விழாக்கள் பெரும்பாலும் துறைவாரியாகவே நடக்கின்றன. ஆனால் ஒரே அணியில் மூன்றாண்டுகள் சேர்ந்து ஆடியவர்களின் பிரிவு, வகுப்புத் தோழியரின் பிரிவிலிருந்து இரண்டு வகைகளில் வேறுபடுகிறது. வகுப்பில் ஒருவர் விட்டுச்சென்ற இருக்கையில் அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்து அமர்ந்துவிடுவார். அணியில் ஒருவர் வெளியேறினாலோ, எஞ்சியிருக்கும் நால்வரின் ஆட்டமும் சேர்ந்து மாறிவிடும். வகுப்புத் தோழி தான் கற்றதை வேலையிலோ மேற்படிப்பிலோ தொடர்ந்துகொள்வார். கூடைப்பந்து ஆடியவரோ, பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில், தோழியரைப் பிரியும் நாளிலேயே பெரும்பாலும் ஆட்டத்தையும் பிரிந்துவிடுகிறார். விழா மேடைகளில் அதிகம் பேசப்படாத இந்த இரண்டாவது பிரிவே கூர்ந்து பார்க்கத்தக்கது.

பெரம்பலூருக்கு வடக்கே திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த வாலிகண்டபுரம், வாலீசுவரர் கோயிலாலும், 1751-ஆம் ஆண்டு கர்நாடகப் போரின்போது ஆங்கிலேயப் படையும் சந்தா சாகிப்பின் படையும் அருகில் மோதிக்கொண்டதாலும் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற பழைய ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கு, 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டத் தலைநகரான பெரம்பலூரே கல்லூரிப் படிப்புக்கு அருகிலுள்ள நகரம். இப்பகுதிக் கிராமப் பள்ளிகளில் மண்தரையிலேயே ஆடக்கூடிய கபடி, கோ-கோ, எறிபந்து, பூப்பந்து ஆகியவை வேரூன்றிய அளவுக்குக் கூடைப்பந்து வேரூன்றவில்லை. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட கெட்டித்தரையும், 3.05 மீட்டர் உயரத்தில் வளையம் தாங்கும் இரண்டு கம்பங்களும் இல்லாமல் இந்த ஆட்டத்தை முறையாகக் கற்க முடியாது என்பதே அதற்குக் காரணம். எனவே இத்தகைய ஊர்களிலிருந்து கல்லூரி அணிக்கு வருபவர்களில் பலர், வேறு ஆட்டத்தில் காட்டிய வேகத்துக்காகவோ உயரத்துக்காகவோ உடற்கல்வி இயக்குநரால் கூடைப்பந்துக்குத் திருப்பிவிடப்பட்டவர்கள். பந்தைத் தரையில் தட்டியபடி ஓடும் ‘டிரிபிளிங்’ என்ற அடிப்படைத் திறனையே பதினேழு, பதினெட்டு வயதில் தொடங்குபவர்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் முதலாண்டு இதைக் கற்பதிலேயே கழிந்துவிடுவதால், அணிக்கு முழுமையாகப் பயன்படும் காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்தான்.

அந்தக் கற்பித்தலில் பெரும்பகுதியை இயக்குநரைக் காட்டிலும் மூத்த மாணவியரே செய்கிறார்கள் என்பது கல்லூரி அணிகளை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தியல்ல. அவர்களின் பங்கு ஆடுகளத்தோடு முடிவதுமில்லை. மாலைப் பயிற்சி முடியும்போது கல்லூரிப் பேருந்து புறப்பட்டுப் போயிருக்கும். இருட்டுவதற்குள் நகரப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், அல்லது விடுதியில் தங்க வேண்டும். போட்டிகளுக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ சென்று இரவு தங்க நேரும்போது, வீட்டில் அனுமதி கிடைப்பது பெரும்பாலும் கல்லூரியின் சுற்றறிக்கையைப் பார்த்து அன்று. கூடவே வருகிற ‘அக்கா’வின் பெயரைக் கேட்டுத்தான். “நான் பாத்துக்கிறேன்மா, நீங்க கவலைப்படாதீங்க” என்று இளையவளின் தாயிடம் தொலைபேசியில் உறுதி சொல்லும் மூன்றாம் ஆண்டு மாணவி, அணியின் பதிவேட்டில் எங்கும் குறிக்கப்படாத ஒரு பொறுப்பை வகிக்கிறார். அவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அந்த உறுதியைச் சொல்ல இன்னொரு குரல் உருவாகாவிட்டால், அடுத்த ஆண்டு இரண்டொரு இளையவர்கள் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிடக்கூடும்.

ஆட்டத்துக்குள்ளும் இழப்பு இதே தன்மையுடையதுதான். பந்தை முன்னெடுத்துச் சென்று எந்தத் திட்டப்படி தாக்குவது என்பதைக் குரலாலும் விரல் சைகையாலும் அறிவிப்பவரை ‘பாயின்ட் கார்டு’ என்றும், வளையத்தின் அருகில் நின்று எகிறிவரும் பந்தைக் கைப்பற்றும் உயரமானவரை ‘சென்டர்’ என்றும் அழைப்பர். சென்டர் முன்னேறி வந்து, எதிரணித் தடுப்பாளரின் வழியில் அசையாமல் நின்று மறிப்பதற்கு ‘ஸ்கிரீன்’ என்று பெயர். அந்த மறிப்பை ஒட்டி பாயின்ட் கார்டு பாய்வதா, மறித்தவர் திரும்பி வளையத்தை நோக்கி ஓடியதும் அவருக்கே பந்தைக் கொடுப்பதா என்பதை இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் அரை நொடியில் முடிவுசெய்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான மாலைகளில் ஒரே இருவர் சேர்ந்து ஆடி உண்டான இந்தப் புரிதலைக் குறிப்பேட்டில் எழுதி ஒப்படைக்க வழியில்லை. இருவரில் ஒருவர் வெளியேறும்போது மற்றவர் தன் பாதித் திறமையை இழந்து நிற்கிறார். வெளியேறுபவருக்கு மட்டுமே மாலை போடுகிற வழக்கம், எஞ்சி நிற்பவரின் இந்த இழப்பைக் கவனிப்பதில்லை.

பெண்கள் கூடைப்பந்துக்கும் கல்லூரி ஆண்டுக் கணக்குக்கும் உள்ள உறவு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஏற்பட்டது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் உருவாக்கிய இந்த ஆட்டத்தை, அதற்கு அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் அடுத்த ஆண்டே தம் மாணவியருக்கு ஏற்ப மாற்றியமைத்தார். களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது, எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்று அவர் விதித்தார். 1893 மார்ச்சில் அங்கு இரண்டாம் ஆண்டு மாணவியர் முதலாண்டு மாணவியரை எதிர்த்து ஆடியதே பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் ஆட்டமாகக் கருதப்படுகிறது. அதைக் காண ஆண்களுக்கு அனுமதியில்லை. இன்று அமெரிக்கக் கல்லூரி அணிகள், பருவத்தின் கடைசிச் சொந்தமண் ஆட்டத்தை ‘சீனியர் டே’ என அறிவித்து, இறுதியாண்டு வீராங்கனையைப் பெற்றோருடன் களத்தின் நடுவே அழைத்து, மலர்க்கொத்து கொடுத்து, பார்வையாளர் எழுந்து நின்று கைதட்டச் செய்கின்றன.

அந்தச் சடங்கைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கு ஆட்டங்கள் லீக் முறையில், சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி, முன்கூட்டியே நாள் குறித்து நடப்பதால் கடைசி ஆட்டம் எது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இங்கோ பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், ஏதேனும் ஒரு கல்லூரியின் மைதானத்தில் சில நாட்களுக்குள், பெரும்பாலும் ‘நாக் அவுட்’ முறையில், அதாவது தோற்ற அணி அத்துடன் வெளியேறும் முறையில், முடிந்துவிடுகின்றன. 1982-இல் தொடங்கப்பட்ட திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லை பெரம்பலூர், அரியலூர் தொடங்கி நாகப்பட்டினம் கடற்கரை வரை பரந்தது. அந்தப் பரப்பில் எங்கோ ஓர் ஊரில், தன் தோழியரில் பெரும்பாலோர் பார்க்காத முதல் சுற்று ஆட்டத்தில் தோற்று வெளியேறும்போது, இறுதியாண்டு மாணவியின் கல்லூரி ஆட்டம் பல சமயங்களில் அங்கேயே முடிந்துபோகிறது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும் ஒரு சிலருக்கு மட்டுமே அதற்கு மேலும் ஆட்டங்கள் உண்டு. மற்றவர்களுக்குக் கடைசி ஆட்டம் முடிந்து, மாதங்கள் சென்று, தேர்வு நெருங்கும் நாளில்தான் வழியனுப்பு விழா வருகிறது.

பொன்னாடை, நினைவுக் கேடயம், எல்லோரும் கையெழுத்திட்ட பந்து, குழுப்படம், பிரியாணி என அமையும் அந்த விழாவைக் குறைசொல்வதற்கில்லை. பந்தைத் தொட்டே அறியாத சிறப்பு விருந்தினரின் நீண்ட உரையைத் தவிர. அதில் பொருளுள்ள பகுதி, பல கல்லூரிகளில் வழக்கமாக நடக்கும் மூத்தோர்–இளையோர் ஆட்டம்தான். ஸ்மித் கல்லூரியின் முதல் ஆட்டத்தைப் போலவே ஆண்டு வாரியாகப் பிரிந்து ஆடும் அந்த நாற்பது நிமிடங்களில், விட்டுச்செல்பவர் தம் இடத்துக்கு வரப்போகிறவரை எதிரே நின்று சோதிக்கிறார். முடிவில் தம் சட்டை எண்ணை அவருக்கே கொடுத்துச் செல்லும் வழக்கமும் சில அணிகளில் உண்டு. இந்த ஆட்டத்தை மார்ச்சுக்குத் தள்ளாமல், போட்டிக் காலம் தொடங்கும் முன்பே சொந்த மைதானத்தில், பெற்றோரையும் அழைத்து நடத்தினால், மகள் ஆடுவதை ஒருமுறையேனும் பார்க்கும் வாய்ப்பு வாலிகண்டபுரத்துத் தாய்க்கும் கிடைக்கும். அடுத்த ஆண்டு யாரை நம்பி மகளை அனுப்புவது என்பதும் அங்கேயே முடிவாகும்.

விழாவுக்குப் பின் வருவது இதைவிடக் கடினமானது. அமெரிக்காவிலேயே முதல்நிலைப் பிரிவில் சுமார் 350 கல்லூரிகளின் அணிகள் ஆட, 2024-இல் பெண்கள் தொழில்முறை லீக் தேர்ந்தெடுத்தவர்கள் 36 பேர்தான். இந்தியாவில் கல்லூரிக்குப் பின்னும் தொடர்ந்து ஆட விரும்பும் பெண்ணுக்கு நம்பத்தக்க வழி, ரயில்வே, காவல்துறை போன்ற துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையே. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வே பணியில் இருந்துகொண்டே இந்திய அணிக்கு ஆடி, ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் கலந்துகொண்டார்; தாயான பிறகு களத்துக்குத் திரும்பினார்; 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆயினும் இவை தேசிய, மாநில அளவில் பதக்கம் வென்றவர்களுக்கான வாயில்கள். கல்லூரி அளவில் நன்றாக ஆடி, ஆட்டத்தை விரும்பி, பதக்கம் ஏதும் பெறாத பெரும்பாலோருக்கு அவற்றால் பயனில்லை. அத்தகைய இளைஞன் ஊர்த் திடலில் கிரிக்கெட்டோ கையுந்துபந்தோ ஆடிக்கொண்டிருப்பான்; அவனோடு படித்த பெண்ணுக்கு அந்தத் திடலும் இல்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. ஞாயிறு காலைகளில் இரண்டு மணி நேரம் கல்லூரி மைதானத்தை முன்னாள் மாணவியருக்குத் திறந்துவிடுவதைக் கல்லூரி நிர்வாகங்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். மாவட்ட விளையாட்டு அரங்கிலும் அதுபோல நேரம் ஒதுக்கலாம். அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கூடைப்பந்து பள்ளி, கல்லூரிப் பிரிவுகளில் இருந்தது. கபடியும் சிலம்பமும் இறகுப்பந்தும் கையுந்துபந்தும் இடம்பெற்ற பொதுப் பிரிவில் அது இல்லை. மாவட்ட அளவில் தொடங்கும் அந்தப் பொதுப் பிரிவில் பெண்கள் கூடைப்பந்தையும் சேர்ப்பது, கல்லூரியை விட்டு வெளியேறியவர்கள் மீண்டும் ஓர் அணியாகக் கூடுவதற்குக் காரணமாக அமையும். பொதுப் பிரிவின் வயது வரம்பு 15 முதல் 35 வரை. 21 வயதில் பட்டம் பெறும் ஒரு பெண்ணுக்கு அதில் இன்னும் 14 ஆண்டுகள் மீதியிருக்கின்றன.