கால் புண்ணுக்கு மாத்திரை உதவுமா?

மாணவர்களே, நமது காலிலுள்ள இரத்தம் இதயத்திற்குத் திரும்ப, மேல்நோக்கிப் பயணம் செய்ய வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது மீண்டும் கீழே இறங்காதபடி சிரைகளிலுள்ள வால்வுகள் தடுக்கின்றன.

இந்த வால்வுகள் பழுதானால் இரத்தம் காலில் தேங்கும். சிரைகளில் அழுத்தம் கூடும். கால் வீங்கும், கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து நலிவடையும். அங்கே ஒரு சிறு கீறல் பட்டாலும் அது புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கலாம். இதுவே சிரைப் புண்.

இதற்கு முதன்மைச் சிகிச்சை மாத்திரை அல்ல. காலை இறுக்கிச் சுற்றும் அழுத்தக் கட்டு. அது தேங்கிய இரத்தம் மேலேற உதவுகிறது. தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு இக்கட்டு ஆபத்தாகலாம். எனவே, மருத்துவர் சோதித்த பிறகே கட்ட வேண்டும்.

மருந்துகளும் உண்டு. பென்டாக்ஸிபிலின் என்ற மாத்திரை, சிவப்பணுக்கள் எளிதில் வளைந்து நுண்குழாய்களில் செல்ல உதவுகிறது. கட்டுடன் இதையும் கொடுத்தால் கூடுதலான புண்கள் ஆறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம்.

ஆஸ்பிரின் எப்படி? 1994-இல் 20 பேரிடம் மட்டும் நடந்த ஓர் ஆய்வு, அது பயன் தருவதாகக் கூறியது. மலிவான மாத்திரை என்பதால் நம்பிக்கை பிறந்தது. ஆனால், 20 பேர் போதுமா?

நியூசிலாந்து ஆய்வாளர்கள் 251 பேரிடம் மீண்டும் சோதித்தனர். ஒரு குழுவுக்குத் தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின்; மற்றதற்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. இரு குழுவினருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஆரம்பப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? மாத்திரை தற்சார்பு மாறி, புண் ஆறும் நாள் சார்பு மாறி, கட்டு கட்டுப்படுத்தப்பட்ட மாறி.

முடிவு 2017-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் புண் ஆற, ஆஸ்பிரின் குழுவில் 77 நாள். போலி மாத்திரைக் குழுவில் 69 நாள். இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதே. ஆஸ்பிரின் புண்ணை விரைவாக ஆற்றவில்லை என்பது தெளிவானது.

போலி மாத்திரைக் குழு இல்லாதிருந்தால், 77 நாளில் ஆறியதைப் பார்த்து, ‘ஆஸ்பிரின்தான் குணமாக்கியது’ என்று நம்பியிருப்போம். ஒப்பிட்டுப் பார்க்காத நம்பிக்கை அறிவியல் ஆகாது.

உங்கள் தாத்தா பாட்டிக்குக் காலில் புண் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாமல் இருந்தால், நீங்களாகவே மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.